சீசரின் இரத்தம் ஏன் நிற்கவில்லை

1

இந்த ஐப்பசியோடு சரியாக ஒரு வருடம். போன வருடம் இதே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, கனடாவின் சிறிய நகரம் ஒன்றில், மிருக வைத்தியக் கல்லூரியின் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டு நான் கத்தினேன். "ஐயோ, வந்திட்டுது! வந்திட்டுது!"

தமிழில் கத்தியதால் ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் அமிலத்தைக் காலில் ஊற்றிக்கொண்டேன் என்று நினைத்து எல்லோரும் ஓடி வந்தார்கள். பக்கத்து அறை மாணவன் தீயணைக்கும் உருளையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வந்தது என்னவென்றால், நீல நிறத்தில் எட்டு ரொக்கெற்றுகள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு விளக்கமாகச் சொல்லுகிறேன். உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டொன்றில், கடற்பாசி காய்ச்சி ஊற்றியதுபோல மெல்லிய படையாக ஒரு கூழை ஊற்றி உறைய விடுவோம். அந்தக் கூழுக்குள் பிறபொருளெதிரி கலந்திருக்கும். தட்டின் கீழ் ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொரு நாயின் இரத்தநீர் ஒரு துளி. பிறகு மின்சாரத்தை ஓட விட்டால் இரத்தநீரில் இருக்கும் புரதங்கள் கூழுக்குள்ளால் மேலே ஏறும். நாங்கள் தேடுகிற புரதத்தை மட்டும் பிறபொருளெதிரி வழியில் மறித்துப் பிடிக்கும். பிடித்த இடம் நீலச் சாயத்தில் தோய்த்தால் தெரியும். கூரான மூக்குடன், வானத்துக்குப் புறப்படும் ரொக்கெற் மாதிரியே இருக்கும். புரதம் கூடவென்றால் ரொக்கெற் உயரம். குறைவென்றால் கட்டை. இல்லையென்றால் அந்தத் துளைக்கு மேலே ஒன்றுமே இல்லை.

நாய்க்குக் காயம் பட்டால் இரத்தம் உறைந்து நிற்பதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்றைத்தான் நாங்கள் தேடினோம். பிறவியிலேயே அது குறைந்த நாய்கள் உண்டு. பார்வைக்குத் திடகாத்திரமாக ஓடித் திரியும். சின்னக் கீறல் பட்டால் போதும், இரத்தம் நிற்காது.

பிறபொருளெதிரி! கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். உடலுக்குள் அந்நியப் பொருள் புகுந்தால் அதைப் பிடித்துக்கொள்ள உடல் தானே உண்டாக்குவது என்று பிள்ளைகளை எழுத வைத்தேன். ஒருநாளும் அதைக் கண்ணால் காண்பேன் என்று நினைத்ததில்லை. இங்கே அதற்கு இங்கிலீசில் அன்ரிபொடி என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், "நான் அன்ரிபொடி செய்கிற இடத்தில் வேலை செய்கிறேன்" என்று பெருமையாக எழுதிவிட்டேன். அம்மாவின் பதில் ஒரு மாதத்தில் வந்தது.

"எந்த அன்ரியின்ர பொடி, பிள்ளை? நீ பிரேத அறையில வேலை செய்யிறாய் எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. உன்ர மாமியாருக்கும் சொல்லிப்போடாதை."

2

நான் செய்தது பிரேத அறை வேலையும் இல்லை, ஆராய்ச்சி வேலையும் இல்லை. கண்ணாடி கழுவும் வேலை. எண்பத்தைந்தில் இவர், என் கணவர், முன்னால் வந்து ஒரு பாண் பேக்கரியில் சேர்ந்தார். அடுத்த வருடம் நானும் மகள் சுகன்யாவும் வந்தோம். சுகன்யாவுக்கு அப்போது ஐந்து வயது. இப்போது எட்டு. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்லுவாள். நான் "வெசல்" என்று சொன்னால், "அம்மா, டபிள்யூ இல்லை, வீ, பல்லை உதட்டில வையுங்கோ" என்று என் வாயைப் பிடித்துத் திருத்துவாள். அந்த ஒரு வசனத்தை மட்டும் முழுத் தமிழில் சொல்லுவாள்.

அலுவலகங்களோடு பட்ட பாடு தனிக்கதை. என் பெயரையும் அப்பாவின் பெயரையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். அதனால் கனடா அரசாங்கத்தைப் பொறுத்தவரை இந்த வீட்டில் வேலுப்பிள்ளை என்று ஒரு பெண் இருக்கிறாள். எண்பத்திரண்டில் காலமான என் அப்பாவுக்கு இங்கே பல் வைத்தியர் தவணை கொடுத்துக் கடிதம் வந்தது.

ஆய்வுகூடத்தில் டொக்டர் ஹெலன்தான் பொறுப்பு. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. சப்பாத்துக் கயிறு எப்போதும் அவிழ்ந்திருக்கும், கதைக்கத் தொடங்கினால் மூச்சு விடமாட்டார். நான் தட்டுகளைக் கழுவும்போது அதில் ஒட்டியிருக்கும் நீலத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதைக் கண்டு, "நீங்கள் இதைப் படித்தவர்தானே?" என்று ஒருநாள் கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு விண்ணப்பியுங்கள் என்றார்.

விண்ணப்பித்தேன். உயர்தரப் பரீட்சைப் பத்திரம் கேட்டார்கள். அது கிளிநொச்சியில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. வீடு மாறி மாறி இடம்பெயர்ந்ததில் அலுமாரியும் இல்லை, பத்திரமும் இல்லை.

"பத்திரம் இல்லாமல் நீங்கள் படித்தவர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அலுவலகப் பெண்.

"நான் சொல்லுகிறேனே."

"சொல்வது போதாது, அம்மணி."

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஒரு மனுசி தன் வாயால் சொன்னால் நம்பமாட்டார்களா என்று இவரோடு சண்டை பிடித்தேன். அவர் பாவம், பேக்கரி உடுப்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

3

இனி ஓர் ஆட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

அதுவரை ஆய்வுகூடத்தில் பாவித்தது மனிதப் புரதத்துக்காகச் செய்த பிறபொருளெதிரி. மனிதனுக்குச் செய்ததை நாயின் இரத்தத்தில் போட்டால் அது அரைகுறையாகத்தான் பிடிக்கும். ரொக்கெற் வராது, மழையில் நனைந்த சுவர் மாதிரி ஒரு திட்டுத்தான் வரும். நாய்க்கென்று சொந்தமாகச் செய்தே தீருவது என்று ஹெலன் முடிவெடுத்தார். நல்ல சுகமுள்ள நாய்களின் இரத்தநீரை உறைய வைத்து, மெதுவாக இளக விட்டால், அந்தப் புரதம் வெள்ளை மண்டியாக அடியில் படியும். அதைச் சுத்தம் செய்து ஓர் ஆட்டுக்கு ஊசியால் ஏற்றினால், ஆட்டின் உடல் அதை அந்நியம் என்று கண்டு பிறபொருளெதிரி உண்டாக்கும். ஆட்டிடம் இரத்தம் எடுத்து அதைப் பிரித்துக்கொள்ளலாம்.

கல்லூரிப் பண்ணையில் ஒரு பெட்டை மறியாட்டைத் தந்தார்கள். நாற்பத்தொன்று என்று காதில் இலக்கம். அது ஒரு மாணவனை உதைத்து, ஹெலனைத் தள்ளி விழுத்தி, ஊசியை மிதித்து உடைத்தது. கண்ணாடிப் போத்தல்களோடு மூலையில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் அதன் கழுத்தை என் தொடையோடு அணைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்தேன். ஊரில் எட்டு ஆடு வளர்த்தவளுக்கு இதென்ன பெரிய வேலையா? "சும்மா நில்லடி, ஒண்டுமில்லை" என்றேன். நின்றது! ஹெலன் வைக்கோலுக்குள் இருந்தபடியே கைதட்டினார். அன்றிலிருந்து ஆட்டு நாட்களில் நான் இல்லாமல் எதுவும் நடக்காது.

இரண்டு மாதமாக ஊசி ஏற்றினோம், இரத்தம் எடுத்தோம், பிரித்தோம். முதல் தட்டைச் சாயத்தில் போட்டுப் பார்த்தால் ஒரே குழப்பம். ஒரு துளைக்கு மேலே மூன்று நான்கு நிழல்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. நாங்கள் ஏற்றியதில் வேறு புரதங்களும் கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கின்றன. ஆடு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிறபொருளெதிரி செய்து வைத்திருந்தது. ஹெலன் அன்று சாப்பிடவில்லை.

"வேண்டாததை எல்லாம் கழிக்க வேண்டும்" என்றார். "அதற்கு, இந்த ஒரு புரதம் மட்டும் துளியும் இல்லாத, மற்ற எல்லாம் உள்ள ஒரு நாயின் இரத்தநீர் வேண்டும். அதோடு கலந்தால் வேண்டாத எதிரிகள் எல்லாம் அதில் ஒட்டிப் போய்விடும். எங்களுக்கு வேண்டியது மட்டும் மிஞ்சும். ஆனால் அப்படி ஒரு நாயை எங்கே தேடுவேன்?"

மூன்று கிழமை கழித்து அந்த நாய் தானாக வந்தது. டஃபி என்று ஒரு கறுத்தக் குட்டைக்கால் நாய். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு மனிதர் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். துவாய் முழுக்க இரத்தம். ஒரு பல் ஆடி விழுந்ததுதானாம், இரண்டு நாளாக நிற்கவில்லையாம். இரத்தம் ஏற்றுவதற்கு முன் அவரிடம் கேட்டு ஒரு சின்னக் குழாய் அளவு எடுத்தோம். பிறகு சுகமான நாய்களின் இரத்தநீரை டஃபிக்கு ஏற்றினார்கள். பின்னேரம் வாயைத் திறந்து பார்த்தபோது இரத்தம் நின்றிருந்தது. அந்தப் பெரிய மனிதர் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார்.

டஃபியின் இரத்தநீரோடு கலந்து கழித்த பிறபொருளெதிரியை வைத்துச் செய்த தட்டுத்தான், நான் கத்திய தட்டு. சாயத்தைக் கழுவி நீக்குவது என் வேலை. அதனால் உலகத்தில் முதலில் கண்டவள் நான். எட்டுச் சுகமான நாய்கள், எட்டு ரொக்கெற்றுகள், ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு. ஒன்பதாவது துளை டஃபியுடையது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. தெளிந்த வெறும் கண்ணாடி.

ஹெலன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். வசந்த காலத்தில் அவர் தன் கையாலேயே நான்கு பக்கக் கடிதம் எழுதி, எனக்கு உதவியாளர் வேலையையும் வாங்கித் தந்தார். ஆனால் அதற்கு முன் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

4

பிறபொருளெதிரி கிடைத்ததும் ஊரெல்லாம் இருந்து நாய்கள் வரத் தொடங்கின. வளர்ப்பவர்கள் நிரப்புவதற்கு ஹெலன் ஒரு படிவம் எழுதி, படி எடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். இயந்திரம் சூடாகும்வரை அதை வாசித்தேன்.

குட்டியாக இருந்தபோது பால்பல் விழுந்த இடத்தில் இரத்தம் நீண்ட நேரம் வந்ததா?

வந்தது என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. நான் திடுக்கிட்டேன். யாருடைய நாயைப் பற்றிச் சொல்லுகிறேன்?

சிறிய காயங்களுக்குப் பிறகு பல நாள் இரத்தம் கசிந்ததா? கசிந்தது. காலில் முள்ளுக் குத்தி மூன்று நாள் நக்கிக்கொண்டு கிடந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் வேறு எதற்கும் இப்படி நடந்ததா? நடந்தது. வால் நறுக்கியபோது ஒன்று செத்தது. காயம் இல்லாமலே மூக்கால் இரத்தம் வந்ததா?

சீசர்! எங்கள் சீசர்! படி எடுக்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எழுபத்தெட்டில் என் அண்ணா கிளிநொச்சியில் ஒரு எஞ்சினியரின் குவாட்டர்ஸில் இருந்து அல்சேசன் கலப்பில் ஒரு குட்டி கொண்டுவந்தார். சீசர் என்று பெயர் வைத்தார். வயலுக்கும் கடைக்கும் அவருடைய சைக்கிளோடு ஓடும். அண்ணாவுக்கு அது உயிர்.

அதற்கு முந்தைய வருடக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்ட ஒரு குடும்பம் எங்கள் வயல்கரையில் குடிசை போட்டிருந்தது. முத்தையா, அவருடைய மனைவி, மகள் லெட்சுமி. எங்கள் வயலிலேயே வேலை செய்தார்கள். லெட்சுமி என்னைவிட இரண்டு வயது இளையவள். என் விஞ்ஞானப் புத்தகத்தை இரவல் வாங்கி, புல்லுப் பிடுங்கும்போது வாய்ப்பாடம் சொல்லுவாள். நான் கற்பித்த பிள்ளைகள் ஒருவருக்கும் அவளுடைய மூளை இல்லை. சீசர் ஒருமுறை அவர்களுடைய கோழி இரண்டைப் பிடித்துக் கொன்றது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

எழுபத்தொன்பதில் ஒருநாள் காலை சீசர் முட்கம்பியில் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது. நகம் அளவு கிழிசல்தான். கோப்பித்தூள் வைத்தோம், சாம்பல் வைத்தோம், துணியால் கட்டினோம். இரத்தம் நிற்கவில்லை. மத்தியானம் மூக்காலும் வரத் தொடங்கியது. அடுத்த நாள் பின்னேரம் அண்ணாவின் மடியிலேயே செத்தது. அண்ணா அழுததை அன்றுதான் கண்டேன்.

"இது நஞ்சுதான்" என்றார் பக்கத்து வயல்காரர். "எலி நஞ்சு திண்டால் இப்பிடித்தான் மூக்கால வரும்."

அப்பா எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "ஆரும் ஏதும் போட்டதைக் கண்டனீங்களோ?"

நான்தான் வாய் திறந்தேன். "லெட்சுமி முந்தநாள் வேலியால ஏதோ போட்டவள். நான் கண்டனான்."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கோழிக்குப் பழிவாங்கியிருக்கிறார்கள் என்று எல்லோரும் சேர்ந்து கதையை முடித்துவிட்டார்கள். அண்ணா நேரே கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனார். முத்தையா வரிசையில் மாவுக்கு நின்றார். ஊர்ச் சனம் முழுக்க நிற்க அவருடைய பையைப் பிடுங்கி எறிந்து, "நஞ்சு வைச்ச கையால இஞ்ச வரிசையில நிக்காதை" என்று கத்தினார்.

லெட்சுமி என்னிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நான் அப்படிச் செய்வேனா? நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் காலை அவர்கள் சட்டி பானையோடு ஒரு ட்ராக்டர் பெட்டியில் ஏறி வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள்.

5

படிவத்தை எடுத்துக்கொண்டு ஹெலனிடம் ஓடினேன். எனக்கு வந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"எலி நஞ்சும் இப்படிச் செய்யும்" என்றார். "அதனால் இரத்தம் கையில் இல்லாமல் நூறு வீதம் சொல்ல மாட்டேன். ஆனால் தவமணி, நஞ்சு பால்பல் விழும்போதே தொடங்காது. ஒரே ஈற்றில் இன்னொரு குட்டியின் வாலுக்குள் போகாது. இந்தப் படிவம் எனக்கு வந்திருந்தால் நாயைத்தான் சோதிப்பேன். அயலவரைத் தேடமாட்டேன்."

எனக்கு எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன்! சந்தோசமா? ஓம், சந்தோசம்தான். வெட்கம் கெட்ட சந்தோசம். அவள் செய்யவில்லை! அவள் செய்யவே இல்லை! வீடு வரும் வழியில் பஸ்ஸுக்குள் இருக்க முடியாமல் இரண்டு தரிப்புக்கு முன்னமே இறங்கி நடந்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்து லெட்சுமிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன்.

சுகன்யா வந்து எட்டிப் பார்த்தாள். யாருக்கு, ஏன் என்று கேட்டாள். சொன்னேன். 

"அம்மா, டிட் யூ லை?"

"இல்லை. பொய் சொல்லேல்லை. அவள் ஏதோ போட்டதைக் கண்டனான். கண்டதைத்தான் சொன்னனான்."

"தென் வை ஆர் யூ சொறி?"

பிறகு ஏன் மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறாள். பேனையை மூடிவிட்டு அவளைப் பார்த்தேன். "அவள் என்ர சிநேகிதி. அவள் அப்பிடிச் செய்யமாட்டாள் எண்டும் எனக்குத் தெரியும். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேணும். அதைச் சொல்லேல்லை."

"அதையும் எழுதுங்கோ" என்றாள் மகள். தமிழில்.

எழுதினேன். ரொக்கெற்றைப் பற்றி, ஆட்டைப் பற்றி, டஃபியைப் பற்றி, எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்பது பக்கம். அவளுடைய முகவரி கிடைக்க மூன்று மாதம் பிடித்தது. முரசுமோட்டை அரிசி ஆலையில் வேலை செய்யும் அவர்களுடைய உறவுக்காரர் ஒருவர் மூலம்தான் கிடைத்தது. தட்டின் படம் ஒன்றையும் கடிதத்துக்குள் வைத்தேன்.

6

ஊரில் இந்திய இராணுவம் நிற்கும் காலம், கடிதம் போவதும் வருவதும் அதன் பாட்டில்தான். சித்திரையில் அனுப்பியதற்கு ஆனியில் பதில் வந்தது. லெட்சுமியின் எழுத்து இப்போதும் அச்சுப் போலத்தான்.

"அக்காவுக்கு. நான் சொகமா இருக்கேன். ரெண்டு பொண்ணுங்க. நாங்களே காடு வெட்டி எடுத்த ரெண்டு ஏக்கர் வயல் இருக்கு. நீங்க அனுப்புன படத்தை எம் புருசன்கிட்ட காட்டினேன், கோயில் கோபுரமான்னு கேட்டாரு.

"அக்கா, அன்னைக்கு நான் போட்டது ரொட்டித் துண்டு. வயிறு நெறஞ்சா அது கோழி பக்கம் வராதுன்னு தெனமும் போடுவேன். இத நீங்க கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நான் நஞ்சு வைக்கலன்னு எனக்குத் தெரியும், அதுக்கு நீலக் கோடு வேணாம். நான் வாயால சொன்னப்ப நம்பாத நீங்க, கண்ணாடி சொன்னப்ப நம்புனீங்க. அதுதான் எனக்கு வருத்தம்.

"ஆனா எழுதினீங்களே. அப்பா சாகிற வரைக்கும் அந்தக் கடை வரிசையத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தாரு. உங்க அண்ணன் அங்க வச்சுத்தான் சொன்னாரு. அங்க வச்சே இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எண்ணவில்லை. பத்திரம் இல்லாவிட்டால் சொல்வது போதாது என்று சொன்ன அலுவலகப் பெண்ணை நினைத்தேன். அவளோடு கோபிக்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

அண்ணாவுக்கு எழுதினேன். அவருடைய பதில் ஒரு பக்கம்கூட இல்லை.

"பத்து வருசத்துக்கு முந்தின நாய்க்கதையைத் தூக்கிக்கொண்டு வாறாய். இஞ்ச மனிசர் படுகிற பாடு உனக்குத் தெரியுமோ? நீ அங்க குளிரிலயிருந்து படம் அனுப்பு, நான் இஞ்ச சனத்துக்கு முன்னால கோமாளியாகிறன். என்னால ஏலாது."

நான் விடவில்லை. இரண்டாவது கடிதம் எழுதினேன். அதில் ரொக்கெற்றும் இல்லை, ஆடும் இல்லை. "அண்ணா, பிழை முதலில் என்னுடையது. நான்தான் கண்டேன் என்று சொன்னேன். நான் அங்கே வர வழியில்லை. எனக்காக நீங்கள் போய்ச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினேன். ஆடி போய், ஆவணி போய், புரட்டாதியும் வந்தது. ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறப்பேன். பேக்கரியில் இருந்து இவர் தொலைபேசியில் கேட்பார், "வந்திட்டுதோ?" என்று. சுகன்யாவும் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையை இறக்க முதல் அதையே கேட்பாள்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது. மடித்து ஒட்டி அனுப்பும் நீல ஏரோகிராம். அண்ணாவின் கையெழுத்து. தபால்காரர் படியிறங்க முதலே நின்ற நிலையில் கிழித்தேன்.

"தங்கச்சிக்கு. சங்கக்கடைக்கு மா வந்ததெண்டு கேள்விப்பட்டுப் போனனான். சனம் றோட்டு வரைக்கும் நிண்டது. உன்ர கடிதத்தை வாசிப்பம் எண்டு கொண்டுபோனது, ஆனால் கண்ணாடி போட மறந்துபோனன். வாயாலதான் சொன்னனான். சீசர் நஞ்சில சாகேல்லை, பிறப்பிலயே அதுக்கு இரத்தம் உறையாத வருத்தம், முத்தையா குடும்பத்தை நான் அநியாயமாப் பேசினனான் எண்டு சொன்னன். ஒரு பெடிச்சி கேட்டாள், எந்தச் சீசர் எண்டு. தங்கச்சி, நாயை ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஆனால் நஞ்சு வைச்ச குடும்பம் எண்டதை எல்லாருக்கும் ஞாபகம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைச்சுது.

"அதோட விட மனம் வரேல்லை. அடுத்த கிழமை வவுனியாவுக்கு பஸ் எடுத்தனான். வழியில நாலு இடத்தில இறக்கிச் செக் பண்ணினாங்கள். லெட்சுமி என்னைக் கண்டிட்டு முதல் கதைக்கேல்லை. நான் முற்றத்தில நிண்டபடியே சொன்னன், கடையில சொன்னதை அப்பிடியே. பிறகு அவள் கதிரை கொண்டுவந்து போட்டாள். தேத்தண்ணி தந்தாள். உனக்குத் தெரியும், அவை எங்கட வயல்கரையில இருந்த ரண்டு வருசத்தில நாங்கள் ஒருத்தரும் அவையின்ர கையால தண்ணி வாங்கிக் குடிச்சதில்லை. குடிச்சனான். இதை அவளின்ர வீட்டிலயிருந்துதான் எழுதிறன், லெட்சுமி தபாலில போடுவாள். வேற விசேசமில்லை."

நான் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் ஏரோகிராமை மடிக்கப் போனேன். சுகன்யா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா, பின்னால இன்னும் எழுதியிருக்கு" என்றாள். ஒட்டும் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி, அச்சுப் போன்ற எழுத்தில் ஒரு வரி. மகள் தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அக்கா, உங்க அண்ணன் ரெண்டு கிளாஸ் குடிச்சாரு, ரெண்டாவது அவரே கேட்டு வாங்கினாரு. அத அவரு எழுதியிருக்க மாட்டாரு."